பெயரின் பின்னே வரும் பெயர்

மகாராட்டிரத்தின் விண்ணப்பத் தாள்களில் பெயருக்கெனப் பெரும்பாலும் மூன்று கட்டங்கள் இருக்கும். ஒன்று குடும்பப் பெயருக்கு. ஒன்று சொந்தப் பெயருக்கு. ஒன்று தந்தை பெயருக்கு. மராட்டிய மாணவரும் குசராத்தி மாணவரும் அவற்றை ஒரே மூச்சில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகின்றனர். மாதுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் நம் மாணவர்களோ முதற் கட்டத்திலேயே பேனாவை நிறுத்திவிடுகின்றனர். 'சர்நேம்' என்று எதை எழுதுவது? ஒருவர் தந்தையின் பெயரை எழுதுகிறார். மற்றொருவர் ஊரின் பெயரை எழுதுகிறார். வேறொருவர் பாட்டனார் காலத்துச் சாதிப் பட்டத்தை எழுதுகிறார். ஒரே வீட்டில் அண்ணன் ஒன்றும் தங்கை ஒன்றுமாக எழுதுவதும் உண்டு.

இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது? தமிழனுக்கு மட்டும் அது ஏன் இடறுகல்லாக நிற்கிறது? கடல் கடந்து சென்ற தமிழர் அதை எவ்வாறு நிரப்பினர்? இம்மூன்றையும் வரிசையாகக் காண்போம். இது வெறும் பெயராராய்ச்சி அன்று. இன்று நாம் எழுதும் ஒரு சொல் நம் பேரப்பிள்ளைகளின் தலையில் ஏறப்போகும் சொல்லாகவும் இருக்கலாம்.

ஆங்கில நாட்டில்

ஆங்கிலேயர் எல்லாரும் தொடக்கமுதலே குடும்பப் பெயர் உடையவர்கள் அல்லர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதற்கு முன்னர் அந்நாட்டு மக்கள் பெரும்பாலும் ஒரே பெயரால் வழங்கினர். ஊர் சிறிது, ஆள் சிலர், ஒரு பெயரே போதுமாயிருந்தது. பின்னர் நிலத்துக்குப் பத்திரமும், வரிக்குப் பட்டியலும், வழக்குக்கு ஏடும் வந்தன. ஓர் ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் எந்த ஜான் வரி கட்டினான் என்று எழுத்தர் அறியவேண்டாவா? அதனால் பெயருக்குப் பின்னே ஓர் அடையாளம் சேர்ந்தது.

அவ்வடையாளங்கள் நான்கு வகைப்படும். முதலாவது தொழில்: ஸ்மித் என்பான் கொல்லன், பேக்கர் என்பான் ரொட்டி சுடுபவன், மில்லர் என்பான் மாவு அரைப்பவன். இரண்டாவது இடம்: ஹில் என்றால் குன்றடியில் இருப்பவன், உட் என்றால் காட்டருகே இருப்பவன். மூன்றாவது தந்தை பெயர்: ஜான்சன் என்றால் ஜானின் மகன். நான்காவது உருவமோ இயல்போ பற்றிய பட்டப்பெயர்: பிரவுன், ஷார்ட், ஆர்ம்ஸ்ட்ராங் முதலியன.

தொடக்கத்தில் இவை ஒரு மனிதனோடு பிறந்து அவனோடு மறைந்தன. கொல்லனின் மகன் தச்சனானால் அவனுக்கு வேறு பெயர். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி தண்டப்பட்ட காலத்துப் பட்டியல்களில் இம்மாற்றம் நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். ஏறக்குறைய 1400-க்குள் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களில் பெயர் உறைந்துவிட்டது. 1538-இல் திருக்கோயில்தோறும் பிறப்புச் சடங்கும் திருமணமும் அடக்கமும் ஏட்டில் பதியப்பட வேண்டும் என்ற ஆணை பிறந்தது. அதன்பின் உறைந்த பெயர் மேலும் இறுகியது. கொல்லனின் மகன் வணிகனானாலும் ஸ்மித். அவன் மகன் வழக்கறிஞனானாலும் ஸ்மித். சொல் நின்றது, அதன் பொருள் போயிற்று.

வேல்ஸ் நாட்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வெல்ஷ் மக்கள் நெடுங்காலம் தந்தை பெயரையே தாங்கினர். மகன் என்னும் பொருளில் 'அப்' என்ற சொல்லை இடையில் வைப்பர். ரீஸ் என்பவரின் மகன் 'அப் ரீஸ்'. ஹவெல் என்பவரின் மகன் 'அப் ஹவெல்'. ஆங்கில ஆட்சியும் ஆங்கில எழுத்தரும் வந்தபின், அப் ரீஸ் 'பிரைஸ்' ஆனது; அப் ஹவெல் 'பவெல்' ஆனது; அப் ரிச்சர்டு 'பிரிச்சர்டு' ஆனது. ஒரு தலைமுறையில் தற்செயலாக நின்ற தந்தையின் பெயர் எல்லாத் தலைமுறைக்கும் உரிய குடும்பப் பெயராயிற்று. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் பிரைஸ், பவெல் குடும்பங்கள் பலவற்றின் முதற்பக்கம் இதுவே. ஐஸ்லாந்து மக்களோ இன்றும் உறையாமல் நிற்கின்றனர். அங்குத் தந்தை பெயரோடு 'மகன்', 'மகள்' என்ற சொல் சேர்வதே வழக்கம். அப்பன் பெயருக்குப் பின் பிள்ளை பெயர் என்னும் நம் தலையெழுத்து முறைக்கு அவர்கள் உறவினர் என்றே சொல்லலாம்.

மும்பையின் கண்முன்னே

இந்நால்வகைப் பெயரையும் காண இங்கிலாந்துக்குப் போகவேண்டியதில்லை; மும்பையில் மின்ரயிலில் ஒருமுறை போய்வந்தால் போதும். டெண்டுல்கர், கவாஸ்கர் என்பனபோல் 'கர்' என்று முடியும் மராட்டியப் பெயர்கள் பெரும்பாலும் ஊர் பற்றியவை. மங்கேஷ்கர் என்ற பெயரில் கோவாவின் மங்கேஷி என்னும் ஊர் இருக்கிறது. அம்பேத்கர் என்ற பெயர் இரத்தினகிரிப் பகுதியில் உள்ள அம்படவே என்னும் ஊரை நினைவூட்டுவது. பாட்டீல் ஊர்த் தலைவர். குல்கர்ணி ஊர்க் கணக்கர். ஜோஷி சோதிடம் கணிப்பவர். பார்சி மக்களோ ஆங்கிலச் சொற்களையே குடும்பப் பெயராக்கிக்கொண்டனர்: இஞ்சினியர், காண்டிராக்டர் என்ற பெயர்களைக் கிரிக்கெட் அன்பர் அறிவர்.

1857-இல் தோன்றிய நம் மும்பைப் பல்கலைக் கழகத்தின் பட்டமளிப்பு மண்டபமே இதற்கு ஒரு சான்று. அது சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் என்ற பார்சி வள்ளலின் கொடையால் எழுந்தது. அவர் குடும்பத்துக்கு வழங்கிய பெயர் 'ரெடிமணி'. கேட்டவுடன் பணம் தரும் வணிகக் குடும்பம் என்பதால் வந்த பட்டப்பெயர் அது.

தமிழரின் பழைய முறை

தமிழருக்கு இம்முறை தெரியாததா? சங்கப் புலவர் பெயர்ப் பட்டியலைப் புரட்டுங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: ஊரும் உண்டு, துணி விற்ற தொழிலும் உண்டு. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார்: ஊரும் தானியம் விற்ற தொழிலும். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊரும், ஆசிரியத் தொழில் செய்த தந்தையும், சொந்தப் பெயரும் ஒருங்கே நிற்கின்றன. செம்புலப்பெயனீரார் என்பதோ அவர் பாடிய உவமையால் வந்த சிறப்புப் பெயர். ஆங்கிலேயர் கண்ட நால்வகையும் இங்கே இருக்கின்றன.

தந்தை பெயரோடு மகன் பெயர் சேரும்போது ஒலி எவ்வாறு திரியும் என்பதற்குத் தொல்காப்பியம் விதியே கூறுகிறது. சாத்தன் என்பவனின் மகன் கொற்றன் என்றால் அவன் சாத்தங்கொற்றன் ஆவான். வழக்கில் ஊன்றாத ஒன்றுக்கு இலக்கண ஆசிரியர் விதி வகுக்கமாட்டார். ஆதலின், தந்தை பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைச் சொல்வது தமிழில் மிகப் பழைய வழக்கு.

எனினும் ஒரு வேற்றுமை உண்டு. சாத்தங்கொற்றனின் மகன் தன்னைக் கொற்றனின் மகன் என்றே சொல்லிக்கொள்வான். சாத்தன் என்ற பெயர் அவனோடு வராது. தமிழ்ப் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகப் பிறக்கிறது. நாம் முன்னெழுத்து என்று போடும் ஒற்றை எழுத்தும் அவ்வாறே மாறுகிறது. ஆங்கிலப் பெயர் உறைபனி. தமிழ்ப் பெயர் ஓடும் நீர். உறைபனிக்கென்று செய்த பெட்டியில் ஓடும் நீரை ஊற்றினால் சிக்கல் எழத்தானே செய்யும்?

கவுண்டர் 'கவெண்டர்' ஆனது

அந்தச் சிக்கல் மிகப் பெரிய அளவில் எழுந்த இடம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால். கரும்புத் தோட்ட வேலைக்கென ஒப்பந்தத் தொழிலாளர் 342 பேரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்திய ஒப்பந்தத் தொழிலாளரின் தொகை 1,52,184. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறை வழியாகச் சென்றவர்கள்; தமிழரும் தெலுங்கருமே அவர்களில் மிகுதி.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. கப்பற் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியன பதியப்பட்டன. குடும்பப் பெயர் என்ற பத்தி அதில் இல்லை. ஏனெனில் பதியப்பட்டவனுக்கு அப்படியொன்று இல்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்து, நிலம் வாங்கி, கடை வைத்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஆங்கில ஆட்சியின் தாள்களில் அக்கட்டம் காத்திருந்தது.

அதை நிரப்ப அவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சாதிப் பட்டத்தை எழுதுவது. முதலியார் 'மூட்லி' ஆனார். பிள்ளை 'பிள்ளே' ஆனார். நாயுடு என்ற பெயர் இரட்டை 'ஓ' எழுத்தோடு முடிந்தது. படையாட்சி, செட்டி, நாயக்கர், பத்தர், தேவர் ஆகியனவும் ஆங்கில எழுத்தில் புது வடிவம் கொண்டன. கவுண்டர் என்பது 'கவுண்டன்' என்றும் 'கவெண்டர்' என்றும் பலவாறாக எழுதப்பட்டு, அவ்வெழுத்து வேறுபாடே வெவ்வேறு குடும்பங்களின் அடையாளமாகிவிட்டது. 'கவெண்டர்' என்பது இன்று தென்னாப்பிரிக்காவில் பரவலாக வழங்கும் இந்தியக் குடும்பப் பெயர்களுள் ஒன்று. டர்பனின் கேட்டோ மேனர் பகுதி மக்களின் வாழ்வை எழுதிய நாடக ஆசிரியர் ரோனி கவெண்டர் (1934–2021) அப்பெயரை உலகறியச் செய்தவர்.

இரண்டாவது வழி, தந்தையின் பெயரையே உறைய வைப்பது. முனுசாமி 'மூன்சாமி' ஆகவும், சுப்பிரமணி 'சுப்ரமோனி' ஆகவும் குடும்பப் பெயராயின. ஆறுமுகமும் பெருமாளும் வீராசாமியும் அவ்வாறே நிலைத்தனர். வெல்ஷ் நாட்டில் அப் ரீஸ் பிரைஸ் ஆன அதே கதைதான் இது. தொழிற்பெயரும் ஒன்று உண்டு: 'மேஸ்திரி' என்பது அங்கே இன்று ஒரு குடும்பப் பெயர், அதைத் தாங்கியவர் கல்லூரி ஆசிரியராகவும் இருக்கலாம்.

மற்ற நாடுகளிலும் இக்காட்சியைக் காணலாம். கயானாவின் தலைமை அமைச்சராக 2015 முதல் 2020 வரை இருந்த மோசஸ் நாகமுத்துவின் பெயரில் நாகமுத்து என்ற தமிழ்ப் பெயர் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் பந்துவீச்சாளர் வீராசாமி பெர்மாலின் பெயரில் வீராசாமியும் உண்டு, பெருமாளும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரியூனியன் தீவில் இராமசாமியும் வீரப்பிள்ளையும் பிரெஞ்சு எழுத்தணிந்து குடும்பப் பெயர்களாக வாழ்கின்றனர். அக்குடும்பங்கள் பலவற்றில் தமிழ்ப் பேச்சு மறைந்துவிட்டது. பெயர் ஒன்றே தமிழாக எஞ்சி நிற்கிறது.

ஒரே பெண்ணுக்கு இருநாட்டு முறையில் இரு பெயர் அமைந்ததும் உண்டு. 1898-இல் ஜோகன்னஸ்பர்கில் பிறந்து, சத்தியாக்கிரகச் சிறைவாசத்தில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் மறைந்த வள்ளியம்மையைக் காந்தியடிகள் தம் தென்னாப்பிரிக்கப் போராட்ட வரலாற்றில் முனுசாமி முதலியார் என்ற தந்தை பெயரோடு சேர்த்தே குறிக்கிறார். தமிழகமோ அவரைத் தில்லையாடி வள்ளியம்மை என்கிறது. அங்கே தந்தையும் பட்டமும்; இங்கே ஊர். மதுரை மருதன் இளநாகனார் என்று ஊரை முன்வைத்த பழைய தமிழ் உள்ளமே தில்லையாடியையும் முன்வைத்தது.

பெயர் சொல்வதும் சொல்லாததும்

குடும்பப் பெயரைக் கொண்டு வரலாறு காண முயல்வோர் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளவேண்டும்.

முதலாவது, பெயர் ஒரு துப்பு, தீர்ப்பு அன்று. கப்பற் பட்டியலில் ஒரு சாதியாகப் பதிந்தவரின் குடும்பம் பின்னர் வேறு பட்டத்தைத் தாங்கியதும் உண்டு. ஊரில் தன்னைத் தாழ்த்திய சாதியைக் கடலில் கரைத்துவிட்டு, கரையில் விரும்பிய பட்டத்தைப் போட்டுக்கொண்டவனை யார் குறை கூறமுடியும்? ஆகவே 'பிள்ளே' என்ற பெயரைக் கண்டவுடன் முன்னோர் இன்ன சாதி என்று முடிவு கட்டுவது ஆராய்ச்சி ஆகாது.

இரண்டாவது, எழுத்து வேறுபாட்டால் உறவு அறாது. எழுத்து ஒற்றுமையால் உறவு தோன்றாது. உடன்பிறந்தார் இருவர் இருவேறு எழுத்துருவில் பதியப்பட்டிருக்கலாம். ஸ்மித் என்போர் எல்லாரும் ஒரே கொல்லனின் வழியினர் அல்லர். கவெண்டர் என்போரும் அவ்வாறே.

மூன்றாவது, உறைந்த தந்தை பெயர் காலம் காட்டும் கருவி. மூன்சாமி என்ற குடும்பப் பெயரைக் கண்டால், அக்குடும்பத்தின் பெயர் ஏட்டில் உறைந்த காலத்தை ஒட்டி முனுசாமி என்றொருவர் இருந்தார் என்று கொள்ளலாம். அங்கிருந்து பின்னோக்கித் தேடத் தொடங்கினால், கப்பல் எண்ணும் ஊரும் கிடைக்கக்கூடும். டர்பன் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ள அப்பட்டியல்களைக் கொண்டு, நாலைந்து தலைமுறைக்குப் பின் வட ஆர்க்காட்டிலும் தஞ்சையிலும் தம் ஊரைத் தேடி வருவோர் உள்ளனர்.

உதிர்ந்த பட்டமும் ஒட்டிய பட்டமும்

இனி நம் மும்பைக்கு வருவோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடவேண்டும் என்று தீர்மானித்தது. அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் தம் பெயரிலிருந்த பட்டத்தை விட்டார். பெரியாரும் விட்டார். மெல்ல மெல்லத் தமிழகத்தில் பொதுவாழ்விலும் பள்ளிப் பதிவேட்டிலும் பட்டம் உதிர்ந்தது. முன்னெழுத்தும் பெயருமே நின்றன. இந்தியாவின் பிற பகுதிகளில் எளிதிற் காணமுடியாத மாற்றம் இது.

ஆனால் பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர் கதை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவருக்கும், மாதுங்காவில் குடியேறி அலுவலகங்களில் எழுத்தராயிருந்தவருக்கும், பின்னர் செம்பூரில் வீடு பிடித்தவருக்கும் இங்கே ஒரு கட்டம் காத்திருந்தது. ஊரில் உதிர்ந்த பட்டம் இங்கே அந்தக் கட்டத்தில் ஒட்டிக்கொண்டது. நாடார், தேவர், கோனார், முதலியார், ஐயர் என்ற பட்டங்களை மும்பையின் கடைப் பலகைகளிலும் வாக்காளர் பட்டியலிலும் இன்றும் காண்கிறோம். டர்பனிலும் இதுவே நடந்தது. சாதியை விடாதவர்கள் என்று இவர்களைத் தமிழகத்தார் எளிதாகச் சொல்லிவிடலாம். தாள் கேட்டது, எழுதினார்கள் என்பதும் உண்மையன்றோ? ஆனால் தாள் கேட்டதற்காக எழுதிய சொல்லை, பின்னர் வகுப்பறையில் வருகைப் பதிவு எடுக்கும்போது நாள்தோறும் உரக்கக் கூப்பிடுகிறார்கள். அப்போது அது வெறுந்தாள் அன்று. ஒருவனுக்குப் பெருமிதமும் மற்றொருவனுக்குக் கூச்சமும் தரும் சொல்லாக அது மாறிவிடுகிறது.

தந்தை பெயரை எழுதினாலும் தொல்லை இல்லாமலில்லை. தந்தையின் தாளில் பாட்டனார் பெயர் குடும்பப் பெயர். மகனின் தாளில் தந்தை பெயர் குடும்பப் பெயர். தந்தைக்கும் மகனுக்கும் குடும்பப் பெயர் ஒத்துவரவில்லையே என்று வங்கியிலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் கேட்பர். கட்டத்தை வெறுமையாக விட்டாலோ, அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், சொந்தப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதற்குரிய எப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர்த் தளர்த்தியது. அறிவிப்புக்கும் தளர்வுக்கும் இடையே விமான நிலையத்தில் நிற்பவனின் கதி என்ன என்று எண்ணிப்பாருங்கள்.

கட்டங்களும் மாறாதவை அல்ல. 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு, மகாராட்டிர அரசின் ஆவணங்களில் சொந்தப் பெயரை அடுத்துத் தாயின் பெயரும், பின்னர்த் தந்தை பெயரும், குடும்பப் பெயரும் வரவேண்டும் என்று அரசு முடிவு செய்தது. நக்கீரனார் காலந்தொட்டு நம் முன்னெழுத்தில் இடம்பெறாத தாய்க்கு இப்போது ஒரு கட்டம் கிடைத்திருக்கிறது. தாள் நம்மை மாற்றுவது மட்டுமன்று. நாமும் தாளை மாற்றலாம் என்பதற்கு இது சான்று.

மாணவர் செய்யவேண்டுவது

எதை எழுதுவது என்று ஆணையிட இக்கட்டுரைக்கு உரிமையில்லை. ஊர்ப் பெயரோ, தந்தை பெயரோ, புதிதாகத் தேர்ந்த தமிழ்ச் சொல்லோ, அவரவர் விருப்பம். ஆனால் இரண்டு கடமைகள் எல்லார்க்கும் பொது.

தேர்ந்ததைப் பள்ளிச் சான்று முதல் கடவுச்சீட்டு வரை ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் எழுதுங்கள். உடன்பிறந்தாரோடு கலந்துபேசி ஒன்றாக முடிவு செய்யுங்கள். எழுத்தர் எழுதியதே பெயராகும் என்பதற்கு மூட்லியும் கவெண்டரும் சாட்சி. அவர்களுக்கு எழுதத் தெரியாது; நமக்குத் தெரியும்.

அடுத்து, வீட்டிலுள்ள முதியவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மும்பைக்கு முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தார்? இங்கே முதலில் என்ன வேலை செய்தார்? அவர் பெயரை முதன்முதலில் தாளில் எழுதியவர் என்ன எழுதினார்? டர்பனில் வாழ்வோருக்குக் கப்பற் பட்டியலாவது இருக்கிறது. இரயிலேறி வந்த நம் பாட்டனார்க்கு அத்தகைய பட்டியல் எதுவும் இல்லை. அவர்கள் நினைவு ஒன்றே ஏடு. அந்த ஏடு மூடுவதற்குள் படியெடுத்துக் கொள்வோம்.